ஆதிகேசவனின் முட்டுக்கழி

ஆதிகேசவன் விழுந்த இடத்தில் தரை காய்ந்திருந்தது. வந்து விசாரித்தவர்களிடமெல்லாம் சின்னத்தாய் முதலில் அதைத்தான் சொன்னாள். தண்ணீர் சிந்தியிருக்கவில்லை. மிதியடி சுருண்டிருக்கவில்லை. பெங்களூர் மர்பி டவுனில் அவர்கள் குடியிருந்த வரிசை வீட்டின் முன்னறையில், வாட்ச்மேன் வேலைக்குப் புறப்பட்ட மனிதர் ஆணியில் மாட்டியிருந்த தொப்பியை எடுக்கத் திரும்பினார். திரும்பியவர் அப்படியே சுவரோரமாகச் சரிந்து உட்கார்ந்தார். கைக்கு வந்துவிட்ட தொப்பியைத் தலையில் வைத்துக்கொள்ளவும் செய்தார்.

"இன்னாய்யா, டூட்டிக்குப் போறவரு தரையில குந்திக்கினு கீற?" என்று அடுப்பருகிலிருந்து கேட்டாள் சின்னத்தாய்.

"ஏந்திருக்கத்தான் பாக்கறேன்," என்றார் அவள் புருஷன். "கால் வரல."

அவள் கரண்டியோடு வந்து பார்த்தபோது வலது பாதம் வெளிப்பக்கமாகத் திரும்பிக் கிடந்தது. யாரோ கழற்றிப் போட்டுவிட்டுப் போன கால் போல இருந்தது. அவர் முகத்தில் வலியைவிடத் திகைப்புதான் அதிகம். நம்பிய ஆள் சொல்லிக்கொள்ளாமல் போய்விட்டால் வருமே, அந்தத் திகைப்பு.

அரசு ஆஸ்பத்திரியில் எலும்பு டாக்டர் ரொம்ப இளையவர். எக்ஸ்ரே ஃபிலிமை ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து, தொடை எலும்பின் கழுத்து ஒடிந்திருக்கிறது, உடைந்த குண்டை எடுத்துவிட்டு ஸ்டீலில் ஒன்று வைக்கவேண்டும் என்றார். சின்னத்தாய் தரை காய்ந்திருந்த கதையை அவரிடமும் சொன்னாள்.

"விழுந்து ஒடஞ்சுதா, ஒடஞ்சு விழுந்தாரான்னே சொல்ல முடியாதும்மா," என்றார் டாக்டர். "இந்த வயசுல எலும்பு உள்ளுக்குள்ள அரிச்சுப் போயிருக்கும். திரும்பும்போதே போயிருக்கலாம்."

"சத்தமே வரல டாக்டர்," என்றார் ஸ்ட்ரெச்சரில் கிடந்த ஆதிகேசவன்.

"எல்லாருக்கும் வராது."

டாக்டர் அடுத்த ஆளிடம் போய்விட்டார். ஆதிகேசவன் கண்ணை மூடிக்கொண்டார். போகிற போக்கில் சொன்ன அந்தப் பதில் இந்த மனிதருக்குள் எவ்வளவு ஆழம் இறங்கியது என்பது, அந்த வராந்தாவில் நின்றவர்களில் சின்னத்தாய் ஒருத்திக்குத்தான் கொஞ்சம் தெரிந்தது.

அவர் கோலார் தங்கவயலில் டிம்பர் வேலை பார்த்தவர். தாத்தா குடியாத்தம் பக்கத்திலிருந்து பிழைக்க வந்தவர். அப்பா அங்கேயே சுரங்கத்தில் இறங்கி, நெஞ்சில் கல்தூசி நிரம்பிச் செத்தவர். ஆதிகேசவன் மீசை அரும்பியதும், அப்பாவைச் சுரங்கத்துக்குள் இறக்கிய அதே கூண்டில் ஏறிக் கீழே போனார். தோண்டிய இடத்தில் மேல்பாறை இறங்கிவிடாமல், நீலகிரித் தைல மரத்தை அளந்து வெட்டி, தலையில் ஆப்பு இறுக்கி முட்டுக் கொடுப்பது அவர் வேலை. நிறுத்திவிட்டால் பாதி வேலைதான் முடிந்தது. மீதிப் பாதி காதைத் தீட்டிக்கொண்டு இருப்பது. மேலே பாரம் ஏறினால் மரம் முனகும். இன்னும் ஏறினால் நார் நாராகத் தெறிக்கும். அந்தத் தெறிப்புக்கும் பாறை வந்து விழுவதற்கும் நடுவே ஒரு மூச்சு நேரம் கிடைக்கும். அந்த ஒரு மூச்சில் தாழக் குந்திச் சுவரோரம் ஒதுங்கத் தெரிந்தவன் வீட்டுக்குத் திரும்புவான். பச்சை மரமாக இருந்தால் இன்னும் நல்லது, அது வாயாடி என்பார்கள். இரும்புத் தூண் நிறுத்திய இடத்துக்குள் போக டிம்பர்காரர்கள் முகம் சுளிப்பார்கள். அது கடைசிவரை வாயைத் திறக்காது.

கல்யாணமான புதிதில், சுரங்கத்து லைன் வீட்டில் கூரை மூங்கில் ஒன்று வெயிலில் படீரென வெடித்தது. சாப்பிட்டுக்கொண்டிருந்தவர் தட்டைப் போட்டுவிட்டுக் குந்தி, சுவரோடு முதுகை ஒட்டிக்கொண்டார். சின்னத்தாய் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். "நான் குந்தல. உடம்பு குந்திக்கிச்சு," என்றார் அவர், சிரிக்காமல். பிறகு அவளும் அந்தப் பழக்கத்தைப் பார்த்துச் சிரித்ததில்லை. ஏர்பிளாஸ்ட் என்று அவர்கள் சொல்லும் பாறைவெடிப்பு பூமிக்கடியில் நடந்தால் லைன் வீடுகளில் குண்டான்கள் குலுங்கும். பெண்கள் வாசலுக்கு வந்து, ஒருத்தி முகத்தை ஒருத்தி பார்க்காமல் நிற்பார்கள். அப்படி நின்ற வாசல்கள் அவளுக்கு நிறைய.

சுரங்கம் இளைத்துக்கொண்டே போய், விருப்ப ஓய்வென்று சொல்லி ஆட்களை அனுப்பத் தொடங்கியபோது அவரும் வெளியே வந்தார். மகன் பிரசன்னாவுக்கு ஹெப்பகோடியில் ஃபேக்டரி வேலை. மருமகள் ஆஷா கார்மெண்ட்ஸில் தைத்தாள். சொந்தக்காரர்கள் இருக்கிற பேட்டையாக வேண்டும் என்று மர்பி டவுனில் வீடு பிடித்தார்கள். புத்தரும் அம்பேத்கரும் ஒரே சட்டத்துக்குள் இருந்த படத்தை ஆதிகேசவன் தன் கையாலேயே சுவரில் மாட்டினார். ஆணி அடிப்பதற்குமுன் சுவரை விரல் முட்டியால் தட்டிப் பார்த்துக்கொண்டார். நாலு வருஷம் ஒரு குறையும் இல்லை. தொண்ணூற்றெட்டு பிறந்து, பொங்கல் முடிந்த கையோடு இந்தக் காய்ந்த தரை.

ஆபரேஷன் நன்றாக முடிந்தது என்றார்கள். மறுநாள் மத்தியானம் அவர் வார்டைப் பார்த்த விதம் சின்னத்தாய்க்குப் பிடிக்கவில்லை. கூரையை, மூலைகளை, ஃபேன் தொங்கிய கம்பியை ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டு வந்தார். பிறகு ஊசி போட வந்த நர்ஸின் மணிக்கட்டைப் பிடித்தார்.

"எத்தினி பேரு உள்ள கீறீங்க?"

"படுங்க தாத்தா."

"எல்லாரையும் கூண்டாண்ட போவச் சொல்லு. மேல பாரம் ஏறிப்போச்சு. சத்தம் ஒண்ணும் வரல பாரு, அதான் எனக்கு பயமா கீது."

மயக்க மருந்து வயசானவர்களுக்கு இப்படிச் செய்யும், தெளிந்துவிடும் என்றாள் நர்ஸ். தெளியவும் தெளிந்தது. ஆனால் அவர் அதைச் சொன்ன கணத்தில் வார்டே அண்ணாந்து கூரையைப் பார்த்தது. சின்னத்தாயும் பார்த்தாள்.

பக்கத்துப் படுக்கையில் கோவிந்தராஜன் என்று ஒருவர். ஒரு ஃபேக்டரியில் ஃபோர்மேனாக இருந்து ஓய்வு பெற்றவர். அதே எலும்பு, அதே ஆபரேஷன், இடது பக்கம். மனிதர் வாய் ஓயமாட்டார். "உங்களுக்கு வலது, எனக்கு இடது. தோள்ல கை போட்டுக்கிட்டா ரெண்டு பேரும் சேர்ந்து ஒரு நல்ல ஆளா நடக்கலாம் சார்," என்பார். ஆதிகேசவன் அங்கே சிரித்ததெல்லாம் அவர் பேச்சுக்குத்தான்.

சிரிப்பு நின்றுபோவது பெட்பேன் வரும்போது. சின்னத்தாய் அதை வைத்து எடுக்கிற நேரம் முழுக்க அவர் முகம் சுவர்ப்பக்கம் இருக்கும். பல்லைக் கடித்துக்கொண்டிருப்பது தாடையில் தெரியும். அவள் கழுவி வந்த பிறகும் ரொம்ப நேரம் அவளைப் பார்க்கமாட்டார். ஒருநாள், சுவரைப் பார்த்தபடியே சொன்னார்:

"ஓடணும்னு எனக்கு ஆச இல்லம்மே. நம்ம வரிசைக் கோடியில கீற கக்கூசுக்கு நானே போவணும். அந்தத் தகரக் கதவ நானே சாத்திக்கணும். வேற ஒண்ணுத்தையும் நான் கேக்கல."

"போவ. போவாம இன்னா," என்றாள்.

அன்றிலிருந்து அவளுக்கும் உலகத்தில் வேறு வேண்டுதல் இல்லாமல் போனது.

வீட்டுக்கு அனுப்பும்போது ரமா வந்து பாடம் சொன்னாள். நடை பழக்கும் பிசியோதெரபி பெண். அல்சூரில் வீடு, போகிற வழிதான், சனிக்கிழமைகளில் எட்டிப் பார்க்கிறேன் என்றாள். குந்தக் கூடாது. சம்மணம் போடக் கூடாது. தாழ்வான எதிலும் உட்காரக் கூடாது. கால்மேல் கால் போடக் கூடாது. மீறினால் வைத்த குண்டு குழியிலிருந்து வெளியே வந்துவிடும். அலுமினிய வாக்கர் ஒன்றைக் கையில் கொடுத்து, நாலு காலும் தரையில் பட்ட பிறகுதான் எட்டு வைக்கவேண்டும் என்றாள். பிரசன்னா பிளாஸ்டிக் நாற்காலி ஒன்றில் வட்டமாக ஓட்டை அறுத்து, வரிசைக்காரர்களிடம் சொல்லிவிட்டு, கோடிக் கக்கூசில் கொண்டுபோய் வைத்தான். எல்லாம் தயாராக இருந்தது. நடப்பது ஒன்றுதான் பாக்கி.

அவர் நடக்கவில்லை.

கட்டில் விளிம்பில் உட்காருவார். வாக்கரைப் பிடிப்பார். பாதி எழுவார். உடம்பின் பாரம் வலது காலுக்குப் போகும் நேரத்தில் அப்படியே நின்று, தலையை ஒரு பக்கமாகச் சாய்ப்பார். பிறகு மெதுவாக உட்கார்ந்துவிடுவார்.

"வலிக்குதா நைனா?" என்பான் பிரசன்னா.

"இல்லடா."

"பின்ன இன்னா?"

பிரசன்னா பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டதென்று போய்விடுவான். ஆஷா, "மாமாவுக்குப் பயம் அத்தே, போகப் போகச் சரியாயிடும்," என்பாள். அவர் பயந்த மனிதர் இல்லை என்று சின்னத்தாய்க்குத் தெரியும். அதுதான் அவளை அரித்தது. கட்டிலில் கிடக்கக் கிடக்க அவர் குதிகாலில் தோல் கன்றி நிறம் மாறியது. இருமினால் அடியிலிருந்து பாத்திரம் சுரண்டுகிற மாதிரி சத்தம் வந்தது. தொடைச் சதை ஒரு பக்கம் மட்டும் வற்றிக்கொண்டு வந்தது. அவள் எண்ணெய் தேய்க்கும்போது கை அதைக் கண்டுகொள்ளும்; கண்டுகொண்டதை முகத்தில் காட்டாமல் இருக்க அடுத்த வீட்டுக் கதை எதையாவது பேசுவாள்.

ரமா சனிக்கிழமை வந்தாள். "லீவு முடிஞ்சுது தாத்தா, கிளம்புங்க."

"லீவே போடாம எறங்கினவன்மா நான்," என்றார் அவர். எழுந்தார், தலையைச் சாய்த்தார், உட்கார்ந்தார்.

வெளியே ஸ்கூட்டரருகில் ரமா குரலைத் தாழ்த்தினாள். "அம்மா, இப்படிப் படுத்துட்டே இருந்தா ஆபரேஷன் பண்ணினதே வீண். அவருக்கு நெஞ்சுல ஏற்கெனவே மைன்ஸ் தூசி. சளி கட்டிக்கும். கால்ல ரத்தம் கட்டி மேல ஏறும். உங்களைப் பயமுறுத்தணும்னு சொல்லலை. ஆனா பயப்படுங்க."

தையல் பார்க்க ஆஸ்பத்திரிக்குப் போன அன்று, மருந்துச் சீட்டு வரிசையில் கோவிந்தராஜனின் மனைவி நின்றிருந்தாள். ஏதோ கையெழுத்துக்காக வந்திருந்தாளாம். நெற்றி வெறுமையாக இருந்தது. "வீட்டுக்கு வந்து நல்லாத்தான் இருந்தாரு. பேப்பர் படிச்சிட்டிருந்தவரு மூச்சு வாங்குதுன்னாரு. காபி ஆத்திக் கொண்டாந்தேன். அதுக்குள்ள," என்றாள். சொல்லிவிட்டு, "உங்க வீட்டுக்காரர் நடக்கிறாரா?" என்று கேட்டாள். சின்னத்தாய் தலையை மட்டும் ஆட்டினாள்.

சக்கர நாற்காலியில் காத்திருந்த ஆதிகேசவன் கேட்டார்: "அது கோவிந்தராஜன் சம்சாரம்தானே? எப்பிடி கீறாராம்?"

"நல்லா கீறாராம். நடக்கறாராம்," என்றாள் அவள், சீட்டை மடித்துக்கொண்டே.

அவர் அவள் கையைப் பார்த்தார்.

பிப்ரவரி கடைசியில் பக்கத்து மனையில் வீடு கட்ட ஆரம்பித்தார்கள். சுவர் எழும்பி, கான்கிரீட் கூரைக்கு மோல்டு போட நீலகிரிக் கழிகளை வரிசையாக நிறுத்தி, மேலே பலகை அடித்தார்கள். பத்து மணி வெயில் ஏறியதும் அந்தக் கழிகள் டிக், டிக்கென்று பேசத் தொடங்கின. சின்னத்தாய் கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். நிமிர்ந்து பார்த்தபோது அவர் கட்டிலில் எழுந்து உட்கார்ந்திருந்தார். விழுந்த நாளிலிருந்து அவள் பார்க்காத ஒரு உயிர் அந்த முகத்தில் இருந்தது.

"கேக்குதா?" என்றார்.

"இன்னாது?"

"மரம்." பிறகு, அவளிடம் இல்லை, காலிடம் சொல்வதுபோலச் சொன்னார். "என் எலும்பு எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லாம ஒடஞ்சுது. இப்ப உள்ள வெச்சிருக்கறது இரும்பு. கையில குடுத்திருக்கறது வெத்துக் குழாய். ரெண்டுமே வாயத் தொறக்காது. எத்த நம்பி நான் பாரத்த எறக்கறது? ஒவ்வொரு வாட்டியும் காதக் குடுத்துப் பாக்கறேன் சின்னத்தாயி. ஒண்ணுமே இல்ல உள்ள."

அவள் கையிலிருந்த கீரை அப்படியே நின்றது. இத்தனை நாள் அவர் தலையைச் சாய்த்தது எதற்கென்று அப்போதுதான் புரிந்தது.

"அந்தக் கழியில ஒண்ணு வாங்கியா," என்றார். "பச்சையா பாத்து."

அவள் அன்றைக்கே போனாள். சென்ட்ரிங் வேலையைப் பார்த்துக்கொண்டிருந்த மேஸ்திரி கிருஷ்ணப்பா, தொட்டபல்லாபுரத்துக்காரர், தமிழும் கன்னடமும் ஒரே வாயில் பேசுகிறவர். நல்ல கழியாக ஒன்றை எடுத்து உருட்டிப் பார்த்தார்.

"யாருக்கம்மா?"

"எங்க ஆளுக்கு. ஊணி நடக்க."

"ஐயோ, இது ஹசி மரா அம்மா. பச்சை. பிசிலு, வெயிலு ஏறினா வெடிக்கும். காஞ்சது மூங்கில் தரேன், தொகோ."

"அவரு பச்சதான் கேட்டாரு."

கிருஷ்ணப்பா அவளை ஒரு தினுசாகப் பார்த்துவிட்டு, கழியை அவள் சொன்ன உயரத்துக்கு அறுத்துக் கொடுத்தார். அதைத் தோளில் சாய்த்து எடுத்து வரும்போது ஈர வாசனை மூக்கில் ஏறியது. சுரங்கத்திலிருந்து வரும் அவர் சட்டையில் வீசிய வாசனை அது. நடுவழியில் ஒரு தரம் அதைக் கீழே வைத்தாள். ஆனாலும் கொண்டுவந்து கொடுத்தாள்.

அவர் கட்டிலில் உட்கார்ந்தபடியே பட்டையை உரித்தார். பிடிக்கிற இடத்தை இழைத்தார். மறுநாள் காலை, கழியை ஊன்றி எழுந்தார். பாரத்தைக் காலில் இறக்கினார். கழி லேசாக முனகியது. அவர் தலையாட்டினார், பழைய கூட்டாளி ஒருவன் கூப்பிட்டதற்குப் பதில் சொல்வதுபோல. எட்டு வைத்தார்.

வாசலைத் தாண்டி, வரிசையோரமாக அவர் நடந்துபோனதை எல்லா வீட்டு வாசல்களும் பார்த்தன. குழாயடியில் நின்ற பிரிஜெட், "மோசே வர்றாரு பாருங்கடி. வழி உடுங்க, தண்ணி ரெண்டாப் பொளக்கப் போவுது," என்றாள்.

"மொதல்ல குழாயில தண்ணி வரட்டும். அப்புறமா பொளக்கலாம்," என்றார் ஆதிகேசவன்.

பெண்கள் சிரித்தார்கள். அவர் கோடிக்குப் போனார். உள்ளே போனார். தகரக் கதவு சாத்தியது, தாழ்ப்பாள் விழுந்தது. வெளியே நின்ற சின்னத்தாய் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். அழுகையா சிரிப்பா என்று அவளுக்கே விளங்கவில்லை.

பிறகு தினமும் போனார். சோறு இறங்கியது. இருமல் குறைந்தது. பிரிஜெட் வாயைக் கிண்டுவதற்காகவே இரண்டு நடை கூடுதலாக நடந்தார். ஆனால் கழி கையில் இருக்கும்வரைதான் நடை. சனிக்கிழமைகளில் ரமா வருகிற நேரத்துக்குச் சின்னத்தாய் கழியைக் கதவுக்குப் பின்னால் வைத்துவிட்டு வாக்கரை நடுவீட்டில் நிறுத்துவாள். ரமா பார்க்க, அவர் வாக்கரோடு நாலு எட்டுத் திணறிக் காட்டுவார்.

"ஆள் தெளிவா இருக்காரு, நடை மட்டும் ஏறலையே," என்று ரமா புருவத்தைச் சுருக்கினாள்.

ஆஷாவுக்குப் பொறுக்கவில்லை. ரமா போன பிறகு, "அத்தே, ஒத்தக் கழி ஒரு பக்கம் இழுக்கும்னு அந்தப் பொண்ணு அன்னிக்கே சொல்லிச்சு. நாளைக்கு ஒண்ணுன்னா யாரு பதில் சொல்றது?" என்றாள்.

"அவரு கதவ அவரே சாத்திக்கினாரு ஆஷா. நீ பாக்கல," என்றாள் சின்னத்தாய்.

மார்ச் வெயில் அந்த வருஷம் கொஞ்சம் அதிகமாகவே காய்ந்தது. கழியின் நிறம் வெளுத்துக்கொண்டு வந்தது. ஒருநாள் துடைக்கும்போது, தலைமயிர் கனத்துக்கு ஒரு கீறல் நீளவாட்டில் ஓடியிருப்பதைப் பார்த்தாள். விளக்கெண்ணெய் தொட்டுத் தேய்த்தாள். மறுநாள் பக்கத்திலேயே இன்னொன்று இருந்தது.

"இது வெடிக்குதுய்யா."

"காயுது. காயுற சத்தம் வேற, பாரத்து சத்தம் வேற. எனக்குத் தெரியாதா?" என்றார். தெரியும்தான். அதில் அவளுக்குச் சந்தேகமே வரவில்லை. ஆனாலும் அவர் வெளியே போகும்போதெல்லாம் கையில் வேலையை வைத்துக்கொண்டு வாசலில் நின்றாள். எதற்காக நிற்கிறோம் என்று தன்னைத் தானே கேட்டுக்கொள்ளவில்லை.

ஒரு மத்தியானம், உச்சி வெயில். வரிசையில் ஆள் இல்லை. அவர் கக்கூசிலிருந்து திரும்பிக்கொண்டிருந்தார். பாதி வழியில் கழி வெடித்தது. பெரிய சத்தம்கூட இல்லை. காய்ந்த புளியங்காயைக் கையால் உடைத்தால் வருமே, அவ்வளவுதான்.

அவர் விழவில்லை. விழுந்திருந்தால் பரவாயில்லை என்று பின்னால் டாக்டர் சொன்னார். அவர் செய்தது வேறு. கழியைக் கைவிட்டு, இரண்டு முட்டியையும் மடக்கி, தாழக் குந்தி, பக்கவாட்டில் சுவரோடு ஒதுங்கினார். வாலிபன் செய்வதுபோல அத்தனை சுத்தமாக, அத்தனை வேகமாக. ஒதுங்கி முடித்த பிறகுதான் அவர் வாயிலிருந்து அந்த ஓலம் வந்தது. சின்னத்தாய் ஓடினாள். முதல் தடவை வெளிப்பக்கம் திரும்பிக் கிடந்த பாதம் இந்தத் தடவை உள்பக்கம் திரும்பியிருந்தது. கால் ஒரு விரற்கடை குட்டையாகியிருந்தது. மேலே வானம் வெறுமையாக இருந்தது. அவர் அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

அதே டாக்டர், அதே ஜன்னல். குண்டு குழியிலிருந்து நழுவியிருக்கிறது, மயக்கம் கொடுத்து இழுத்துக் குழியில் உட்காரவைக்கவேண்டும், பிறகு அசையாமல் படுக்கை என்றார். "யாரு இவரைக் குந்தச் சொன்னது?"

சின்னத்தாய் வாயெடுக்குமுன் ஆதிகேசவன் சொன்னார். "காயுற சத்தம்தான் டாக்டர். பாரத்து சத்தம் இல்ல. கேட்டவுடனே எனக்குத் தெரிஞ்சுது. உடம்புதான் கேக்கல."

டாக்டருக்கு ஒன்றும் விளங்கவில்லை. வலி மருந்தை எழுதிவிட்டுப் போனார்.

வார்டில் வேறு படுக்கை, வேறு ஜன்னல். கால்களுக்கு நடுவே தலையணையை வைத்துக் கட்டியிருந்தார்கள். ஒரு சாயங்காலம், சின்னத்தாய் கஞ்சியை ஸ்பூனால் ஊட்டிக்கொண்டிருந்தபோது அவர் சொன்னார்: "கோவிந்தராஜன் போய்ட்டாருல்ல?"

ஸ்பூன் நின்றது. "யாரு சொன்னாங்க?"

"நீதான். நடக்கறாருன்னு சொல்லச் சொல்ல சீட்ட மடிச்சிக்கினே இருந்த."

அவர் வாயைத் திறந்து காத்திருந்தார். ஊட்டினாள். அதற்குப் பிறகு அவர் அங்கே யாரைப் பற்றியும் எதுவும் கேட்கவில்லை. பெட்பேன் வந்தால் சுவர்ப்பக்கம் திரும்பவுமில்லை. முதலில் அவளுக்கு அது நிம்மதியாக இருந்தது. கூச்சம் போய்விட்டது, வேலை சுலபம் என்றுதான் நினைத்தாள்.

பிரசன்னா கழியை முட்டியில் வைத்து முறிக்கப் பார்த்தான். முறியவில்லை. கீறல்கள் மேலோடு நின்றிருந்தன. உள்ளே கல் மாதிரி இருந்தது. வெந்நீர் அடுப்புக்கு ஆகட்டும் என்று பிரிஜெட் வாங்கிக்கொண்டு போனாள்.

மே மாதம் வீட்டுக்கு வந்தார். சளி கட்டி ஒரு தடவை மூச்சு இழுத்து, ஊசிகள் போட்டு, பாதியாக வந்தார். வந்தவர் எல்லாவற்றையும் சொன்னபடி செய்தார். எழுந்திரு என்றால் எழுந்தார். வாக்கரின் நாலு காலும் தரையில் பட்ட பிறகு எட்டு வைத்தார். தலையை ஒரு பக்கமும் சாய்க்கவில்லை. போதும் என்று யாராவது சொல்லும்வரை நடந்தார். சொல்ல மறந்தால் சுவர் வந்ததும் அங்கேயே நின்றார்.

"இதைத்தான் தாத்தா நான் முதல்லேர்ந்து கேட்டேன்," என்று ரமா கைதட்டினாள். "நடை அருமை. இனிமே கவலையே இல்லம்மா."

"சரிம்மா," என்றார் அவர்.

சின்னத்தாய் தேநீர் ஆற்றிக்கொண்டே அவரைப் பார்த்தாள். ரமா சொன்னதில் பொய் எதுவும் இல்லை. சதை கூடியிருந்தது, குதிகால் ஆறியிருந்தது. ஆனால் பிரிஜெட் வாசலில் நின்று, "மோசே, என்னா பேச்சையே காணோம்?" என்று கேட்டபோது, அவள் வேறு யாரிடமோ கேட்கிறாள் என்பதுபோல் உட்கார்ந்திருந்தார். பக்கத்து மனையில் மாடி மோல்டைப் பிரித்தார்கள். கழிகள் ஒன்றன்மேல் ஒன்றாகச் சடசடவென விழுந்தன. வரிசையே என்னவோ ஏதோவென்று வெளியே ஓடி வந்தது. அவர் திரும்பிப் பார்க்கவில்லை.

"எங்கனா போலாமாய்யா? அல்சூர் ஏரிக்கரை வரைக்கும்?" என்று கேட்டாள்.

"நீ சொல்ற எடத்துக்குப் போலாம்."

"ஒனக்கு எங்க போவணும்?"

அவர் யோசித்தார். நிஜமாகவே யோசித்தார். பிறகு அந்தக் கேள்வியை எங்கேயோ தவறவிட்டவர்போல, தன் கைகளைப் பார்க்கத் தொடங்கினார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, வரிசையில் எல்லாரும் வீட்டில் இருந்த நேரம். அவர் எழுந்து வாக்கரைப் பிடித்தார். சின்னத்தாய் பின்னால் போனாள். குழாயடியைத் தாண்டி, துணி துவைத்துக்கொண்டிருந்த பெண்களைத் தாண்டி, ஒரு தடுமாற்றமும் இல்லாமல் கோடிவரை போனார். பக்கெட்டோடு காத்திருந்த பிரிஜெட் விலகி வழி விட்டாள். அவர் உள்ளே போனார். ரமா சொல்லிக்கொடுத்தபடி பின்பக்கமாக வந்து, கையை ஊன்றி, நாற்காலியில் சரியாக உட்கார்ந்தார்.

கதவு திறந்தே இருந்தது. அவர் கை நீட்டினால் எட்டும்.

"கதவ சாத்திக்கோய்யா," என்றாள் சின்னத்தாய், மெதுவாக.

"நீ உள்ள வாம்மே. நீயே கழுவி உடு," என்றார்.

குரலைத் தாழ்த்தவில்லை. கண்ணையும் தாழ்த்தவில்லை. தண்ணீர் கொண்டா என்று கேட்பதுபோலச் சொன்னார். குழாயடியில் துணி அடிக்கிற சத்தம் நின்றது. பிரிஜெட் குனிந்து பக்கெட்டைப் பார்த்துக்கொண்டாள்.

சின்னத்தாய் அவர் முகத்தையே பார்த்தபடி நின்றாள். ஒரு பல்லாவது கடிபடுமா, ஒரு நரம்பாவது இழுபடுமா என்று பார்த்தாள். அவர் பொறுமையாகக் காத்துக்கொண்டிருந்தார்.

அவள் புடவைக் கொசுவத்தைத் தூக்கி இடுப்பில் செருகினாள். இரண்டு பேருக்கு இடமில்லாத அந்த இடத்துக்குள் ஒருக்களித்து நுழைந்து, தகரக் கதவைத் தானே இழுத்துச் சாத்தினாள்.